மூத்தவர் யார் என்ற விசாரணை

ஜூன் 4

தம்பிக்கு,

உன் பிறந்த தேதியைத் திருத்தச் சொல்லி நீ மனு கொடுத்திருக்கிறாய் என்பது நேற்று மாலை எனக்கு உறுதியாகத் தெரிந்தது. சொன்னது நீ இல்லை, எங்கள் மருத்துவமனையின் தலைமை எழுத்தர். மனுவின் நகல் அவர் மேஜைக்கு வந்துவிட்டது. என் கண்ணால் பார்த்தேன். கையெழுத்து உன்னுடையதுதான். வழக்கம்போலக் கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு வால்.

நான் அவரிடம் போனது வேறு காரியமாக. விருப்ப ஓய்வு கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று சுமந்துகொண்டிருந்தேன். நேற்றுதான் துணிந்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "உக்காரும்மா" என்றார். அந்த மனிதர் யாரையும் உட்காரச் சொல்பவர் இல்லை.

"உன் பேர்ல விசாரணை வருது. அது முடியற வரைக்கும் உனக்கு ராஜினாமாவும் கிடையாது, ஓய்வும் கிடையாது. இந்தக் கடுதாசியக் குடுத்தாலும் நான் வாங்கின மாதிரி ஆகாது."

"என்ன விசாரணை? நான் என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல. பொறந்த. அதுவும் தப்பான தேதியில பொறந்திருக்கேன்னு உன் தம்பி சொல்றாரு."

அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் சொல்வதெல்லாம் உண்மையாக இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் நடந்தது இத்தனை காலமும் நமக்குள் ஒரு சிரிப்புக் கதை. மாமா நம் இருவரையும் ஒரே நாளில் சேர்க்கக் கூட்டிப் போனார். எனக்கு எட்டு வயது. காய்ச்சலில் கிடந்து எழுந்து சுள்ளி மாதிரி இருந்தேன். உனக்கு ஐந்து. மூட்டை மாதிரி இருந்தாய். அங்கே பதிவேடு எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பெரிசாக இருப்பவன் பெரியவன் என்று முடிவு கட்டி, என் தேதியை உன் பெயருக்கும் உன் தேதியை என் பெயருக்கும் எழுதிவிட்டார். மாமா வாயைத் திறக்கவில்லை. "ஆபீசர் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று வீட்டில் வந்து சொன்னார். உன்னை மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். நீ ஒரு மாதம் விடாமல் அழுதாய். பிறகு முதல் வகுப்பில் என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்கள். பெஞ்சை மாற்றினார்களே தவிர, தேதியை யாரும் மாற்றவில்லை.

ஆகவே கணக்குப்படி நீ எனக்கு அண்ணன், நான் உனக்குத் தங்கை. நீ இப்போது கேட்கிற தேதி என்னிடம்தான் இருக்கிறது. என்னிடமிருந்து எடுக்காமல் உனக்குத் தர முடியாது. இது தெரிந்துதான் மனு போட்டாயா, தெரியாமல் போட்டாயா?

போன் செய்யாதே. செய்தால் நீ அழுவாய், நான் கத்துவேன், கடைசியில் யார் என்ன சொன்னோம் என்று இருவருக்கும் நினைவிருக்காது. எழுது.

அக்கா

*

ஜூன் 11

அக்கா,

உன் கடிதத்தைப் பம்ப் ஹவுசில் வைத்துத்தான் படித்தேன். மூன்று மோட்டாரும் ஓடும்போது அங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

உன்னிடம் சொல்லாமல் செய்தது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உனக்குக் கெடுதலாக முடியும் என்று நினைத்துச் செய்யவில்லை. சொல்லப்போனால் உனக்கும் நல்லது என்றுதான் நினைத்தேன்.

என் நிலைமையைக் கேள். செப்டம்பர் முப்பதோடு என்னை அனுப்புகிறார்கள். எனக்கு ஐம்பத்தேழு. அறுபது என்று சொல்லி அனுப்பப் போகிறார்கள். மூன்று மாதத்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கட்டுகிற வீடு ஜன்னல் மட்டத்தோடு நிற்கிறது. சுவர் இருக்கிறது, கூரை இல்லை. மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம். கடன் கொடுத்தவர்கள் சம்பளத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள், என் மூஞ்சியைப் பார்த்து இல்லை. "எப்ப ரிட்டையர்?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். உன்னால் முடியுமா என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

உண்மைத் தேதியைச் சொன்னால் எனக்கு இன்னும் மூன்று வருடம் கிடைக்கும். உனக்கு அதே செப்டம்பர் முப்பதில் அறுபது முடியும். கௌரவமாக வீட்டுக்குப் போகலாம். நீ தோள்வலி, மணிக்கட்டு வலி என்று புலம்பிக்கொண்டுதானே இருக்கிறாய்? அவரவர் தேதி அவரவருக்கு. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

எங்கள் ஆபீஸ் கிளார்க்தான் படிவத்தை நிரப்பச் சொன்னான். உடன்பிறந்தோர் என்ற இடத்தில் 'ஒரு அக்கா' என்று எழுதினேன். "எங்க வேலை பாக்கறாங்க சார்?" என்றான். பெருமையாகச் சொன்னேன். அவன் அதையும் எழுதிக்கொண்டான். வினை அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் தேதியை நான் பிடுங்குவதாக எழுதியிருக்கிறாய். அது என் தேதி. என் மூன்று வருடத்தை இத்தனை காலமாக நீ வைத்திருக்கிறாய். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது தேவை வந்ததால் கேட்கிறேன்.

தம்பி

*

ஜூன் 17

தம்பிக்கு,

உன் மூன்று வருடத்தை நான் பீரோவில் பூட்டி வைத்திருக்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். அதை நான் எப்படிச் செலவழித்தேன் என்று உனக்கே தெரியும். மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன்.

உன் அத்தான் போன பிறகு நான் இந்த வேலைக்கு நேர்காணலுக்கு வந்தேன். துணைக்கு வந்தவன் நீ. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, எனக்குத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தாய். வயது வரம்பு முப்பது. எனக்கு உண்மையில் முப்பத்திரண்டு. காகிதத்தில் இருபத்தொன்பது. கணவனை இழந்தவர்களுக்கு வரம்பைத் தளர்த்தும் விதி அப்போது கிடையாது, பிறகுதான் வந்தது. அந்தத் தப்பான தேதி இல்லாவிட்டால் எனக்கு வேலையே இல்லை. வெளியே வந்ததும் நீ என்ன சொன்னாய்? "மாமா வாயத் தொறக்காம இருந்ததுக்கு இன்னிக்குத்தான் கூலி கெடச்சுது" என்றாய். சிரித்தோம்.

இப்போது என் உண்மைத் தேதி எழுத்தில் ஏறினால், வேலையில் சேர்ந்த அன்றே எனக்கு வரம்பு தாண்டிவிட்டது என்று ஆகும். தலைமை எழுத்தர் விதியை எடுத்து வைத்துப் படித்துக் காட்டினார். சேர்ந்ததே செல்லாது என்றால் இருபத்தெட்டு வருட வேலையும் செல்லாது. ஓய்வூதியம் கேட்கவே முடியாது. "நீண்ட காலம் வேலை செஞ்சிருக்கான்னு அதிகாரி மனசு வச்சுப் பிழைய மன்னிக்கலாம். மன்னிக்காமலும் விடலாம். ரெண்டையும் பார்த்திருக்கேன்" என்றார். எது அதிகம் என்று கேட்டேன். அவர் பேனாவுக்கு மூடி போட்டார்.

நான் ஏன் விருப்ப ஓய்வுக்கு எழுதினேன் என்று நீ கேட்கவில்லை. புலம்பல் என்று எழுதிவிட்டாய். சொல்கிறேன்.

எங்கள் அறையில் அறுவைக் கருவிகளையும் துணிகளையும் ஆவியில் வைத்துக் கிருமி நீக்குகிறோம். பெட்டியின் கதவில் ஒரு சக்கரம். அதைச் சுற்றி இறுக்கினால்தான் ஆவி உள்ளேயே நிற்கும். ஒரு வருடமாக என் மணிக்கட்டு கடைசிச் சுற்றுக்கு ஒத்துழைப்பதில்லை. என்னோடு ஷிஃப்ட் பார்க்கிறவள் ரேடியோ. வாயை மூடாதவள் என்பதால் அந்தப் பெயர். என் கையைப் பார்த்துவிட்டு, "தள்ளு நீ" என்று தினமும் அவள்தான் இறுக்கிக் கொடுத்துவந்தாள். போன மாதம் அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் மூடினேன். இறுகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவள் திரும்பி வந்து கதவருகே நின்றபோது ஓரத்தில் ஆவி பீறிட்டது. முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. அன்று ரேடியோ பேசவில்லை. "கை வழுக்கிருச்சு, நானே தொட்டுட்டேன்" என்று மட்டும் மேட்ரனிடம் சொன்னாள்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். மூன்று வருடம் முன்னால் போனால் ஓய்வூதியம் குறையும். குறைந்தால் குறையட்டும், அதை வைத்துக் காலம் தள்ளலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து எழுதிய கடிதம் அது. நீ மனு போட்டதால் அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. போகவும் முடியாது, இருக்கவும் முடியாது.

மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்.

அக்கா

*

ஜூலை 2

அக்கா,

உன் கடிதம் கிடைத்த மறுநாளே லீவு போட்டுத் தலைமை அலுவலகம் போனேன். வயது வரம்பு விஷயம் என் புத்தியில் ஏறவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. பாட்டில்கூட ஞாபகம் இருக்கிறது. வரம்பு மட்டும் மறந்துவிட்டது. எனக்கு வேண்டியதை மறக்க எனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அங்கே பிரிவு அதிகாரி நல்ல மாதிரிதான் பேசினார்.

"வாபஸ் வாங்கறீங்களா? ஏன், மனுவுல சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல சார்."

"அப்ப உண்மைன்னா விசாரிக்கணும். பொய்யின்னா, பொய் மனு குடுத்ததுக்கு உங்களத் தனியா விசாரிக்கணும். எத விசாரிக்கட்டும்?"

நான் முழித்தேன். அவர் எனக்கு டீ சொன்னார். டீயைக் குடித்துவிட்டு வந்தேன். வேறு எதுவும் நடக்கவில்லை.

ஆகவே நிலவரம் இது. மனுவை எடுக்க முடியாது. விசாரணை இரண்டு இடத்தில். எனக்கு ஜூலை 24, இங்கே. உனக்கு ஆகஸ்ட் 7, உன் மருத்துவமனையில். இருவரிடமும் கேட்பது ஒரே கேள்வி என்கிறார்கள்: உங்கள் இருவரில் மூத்தவர் யார்?

மனு விஷயம் தெரிந்ததிலிருந்து வீட்டில் அவள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு மகளிடம், "உங்கப்பாகிட்ட சொல்லு, ஆறிடும்னு" என்கிறாள். மகள் என் பக்கம் திரும்பி, "அப்பா, ஆறிடுமாம்" என்கிறாள். மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் இருக்கிறோம்.

ரேடியோவுக்குக் கை எப்படி இருக்கிறது?

தம்பி

*

ஜூலை 12

குண்டா,

ரேடியோவின் கை ஆறிக்கொண்டிருக்கிறது. புதுத் தோல் வந்திருக்கிறது. "பழசு கறுப்பு, புதுசு செவப்பு. மீதியையும் ஆவியில காட்டி மாத்திக்கட்டுமா?" என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிகிறாள்.

மேட்ரனிடம் போனேன். என் கை இறுக்குவதில்லை, கதவு வேலைக்கு வேறு ஆள் போடுங்கள் என்று வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. "நீ போனாத்தான் உன் எடத்துக்கு ஆள் போடுவாங்க. நீ போக முடியாது. அதனால ஆள் வராது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு" என்றார். என்ன சொல்வது? வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு வாரமாக யோசித்துப் பார்த்தேன். என் முன்னால் இரண்டு வழி. நீ மூத்தவன் என்று நான் பொய் சொல்லலாம். சொன்னால் என் வேலையும் ஓய்வூதியமும் தப்பும். ஆனால் விசாரணைக்குள் வந்தவர்களுக்கு அது முடிந்த பிறகும் விருப்ப ஓய்வு தருவதில்லையாம், இன்னும் மூன்று வருடம் அந்தக் கதவோடு மல்லுக்கட்ட வேண்டும். உன்னைப் பொய் மனு போட்டவன் என்று பிடிப்பார்கள், செப்டம்பரில் கூரையும் இல்லாமல் நல்ல பெயரும் இல்லாமல் வீட்டுக்குப் போவாய். இன்னொரு வழி, உண்மையைச் சொல்வது. சொன்னால் நீ தப்புவாய். நான் அதிகாரியின் மனசை நம்பி நிற்க வேண்டும்.

முன்பெல்லாம் எவ்வளவு சேர்ந்தால் ஓய்வு பெறலாம் என்று கணக்குப் போட்டேன். வாடகை, மருந்து, கரண்ட். அதற்கு ஏதோ ஒரு விடை வந்தது. இந்தக் கணக்கில் எந்த எண்ணைப் போட்டாலும் விடை வரவில்லை.

இன்னும் முடிவு செய்யவில்லை. செய்யப்போவது நான். நீ இல்லை. அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இருபத்துநான்காம் தேதி உன்னிடம் கேட்டால் உள்ளதைச் சொல். என் பங்கை என்னிடம் விடு. எனக்காக நீ எதுவும் முடிவு செய்யாதே. ஒரு தடவை செய்ததே போதும்.

அக்கா

*

ஜூலை 25

அக்கா,

விசாரணை முடிந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், கையெழுத்துப் போட்டேன். எல்லாம் நல்லபடியாக முடியும். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அவள் இன்னும் பேசவில்லை. இங்கே தண்ணீர் வரத்து குறைவு, இரண்டு மோட்டார்தான் ஓடுகிறது. மணிக்கட்டுக்கு அந்த எண்ணெயைத் தடவுகிறாயா?

தம்பி

*

ஆகஸ்ட் 8

டேய்,

உன் போன கடிதத்தைப் படித்ததுமே சந்தேகப்பட்டேன். நீ எண்ணெயைப் பற்றி விசாரித்தால் எதையோ மறைக்கிறாய் என்று அர்த்தம்.

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

விசாரணை அதிகாரி ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். கடும் ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தம்பி."

"தம்பியா, அண்ணனா? யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? அவனுக்கு மூக்குச் சிந்தி விட்டவளே நான்தான்."

அவளுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்துவிட்டது. தலைமை எழுத்தர் ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். "அப்படின்னா இது என்ன?"

உன் வாக்குமூலம். 'மனுவில் நான் கூறியது தவறு. நானே மூத்தவன். அவள் என் தங்கை.' கீழே உன் கையெழுத்து, வாலோடு.

இரண்டு தடவை படித்தேன். அவள் சொன்னாள்: "சொத்துத் தகராறுல ஆளாளுக்கு நான்தான் மூத்தவன்னு நிக்கறதப் பாத்திருக்கேன். நஷ்டத்துக்கு இப்படிச் சண்டை போடறவங்கள இப்பத்தான் பாக்கறேன். நீங்க இன்னும் கையெழுத்துப் போடல. மாத்திச் சொல்றதுன்னா சொல்லுங்க. ரெண்டு பேரும் ஒண்ணே சொன்னா ஃபைல் இன்னிக்கே முடிஞ்சிரும்."

பேனா என் கையில் இருந்தது. உன் வாக்குமூலம் எதிரே இருந்தது. 'ஆமாம், அண்ணன்தான்' என்று ஒரு வரி எழுதினால் போதும். என் வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் ஆபத்தில்லை. நீயே போட்டுக் கொடுத்த பாதை. தலைமை எழுத்தர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த மனிதருக்குத் தெரிந்த மரியாதை அது.

அப்போது எனக்கு உன் கூரையும் நினைவுக்கு வரவில்லை, உன் மகள் படிப்பும் வரவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நினைவுக்கு வந்தது ரேடியோ டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்த நேரம்தான். இன்னும் மூன்று வருடத்தில் அவள் எத்தனை தடவை டீ குடிக்கப் போவாள்?

நானே மூத்தவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆக, இப்போது ஃபைலில் இரண்டு வாக்குமூலம். நீ மூத்தவன் என்று உன்னுடையது. நான் மூத்தவள் என்று என்னுடையது. அதிகாரி இரண்டையும் ஒன்றாகப் பின் அடித்து, மேலே அனுப்புவதாகச் சொன்னாள். வெளியே வந்ததும் தலைமை எழுத்தர், "உங்க வீட்டுல யாரும் யாரு பேச்சையும் கேக்கறதில்லையாம்மா?" என்றார்.

உள்ளதைச் சொல் என்று எழுதினேனே. ஏன்டா இப்படிச் செய்தாய்?

அக்கா

*

ஆகஸ்ட் 14

அக்கா,

நீ திட்டியது போதாது. இன்னும் திட்டு. உன் கடிதத்தை அவளிடமும் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது.

ஏன் செய்தேன் என்றால், அந்த அறைக்குள் போகும்போது உள்ளதைச் சொல்வதாகத்தான் போனேன். கேள்வியைக் கேட்டதும் அத்தான் இறந்த வருடம் நீ இருந்த இருப்பு கண் முன்னால் வந்தது. என் வாயால் உன் சோற்றைக் கெடுக்க மாட்டேன் என்று தோன்றியது. பொய் மனுவுக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம், கூரைக்குப் பதில் தகரம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி பஸ்ஸில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தகரத்துக்கு அடியில இருக்கப் போறது நானும்தான். என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா? சரி, அத விடுங்க. உங்க அக்காவ இன்னும் மூணு வருஷம் அந்த ஆவியில வேக வைக்கறதுதான் உங்க தியாகமா? அண்ணி போறேன்னு கடுதாசி எழுதி வச்சிருந்தாங்க. நீங்க ரெண்டு தடவ கதவச் சாத்தியிருக்கீங்க. ஒரு தடவ மனு போட்டு, ஒரு தடவ அது பொய்யின்னு சொல்லி."

மகளும், "அத்தை சொன்னதக் கேட்டிருக்கலாம்ல அப்பா" என்றாள்.

நேற்று எனக்கு ஒரு மெமோ வந்தது. முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வேறு ஆணை வராதவரை பழைய தேதிப்படிதான் என்னை நடத்துவார்களாம். செப்டம்பர் முப்பது என் கடைசி நாள். அதன் பிறகும் விசாரணை முடியும்வரை தற்காலிக ஓய்வூதியம் மட்டும். அதில் கடன் தவணைகூட வராது.

நான் எதைத் தொட்டாலும் துலங்கவில்லை. இனி நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

தம்பி

*

செப்டம்பர் 3

குண்டா,

இனி நான் சொல்வதைச் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைக் கிழித்துத் தனியாக வைத்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் மறுத்தால் காட்டுவதற்கு.

புதிதாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். இதுவும் தலைமை எழுத்தர் சொன்னதுதான், ஆணையின் நகலையும் பார்த்தேன். இரண்டு வாக்குமூலமும் முரணாக இருப்பதால், நம் வயதைத் தீர்மானிக்க மருத்துவக் குழு போட்டிருக்கிறார்கள். செப்டம்பர் 19, காலை. இடம் எங்கள் மருத்துவமனைதான். நீயும் வர வேண்டும். எலும்பையும் பல்லையும் படம் எடுப்பார்களாம். "படத்துல என்ன தெரியும் சார்?" என்று கேட்டேன். "உங்க வயசுல அதுல ஒண்ணும் தெரியாதும்மா. ஆனா உங்க ரெண்டு பேரையும் எதிரெதிர உக்கார வச்சுக் கேப்பாங்க. அதான் விஷயம்" என்றார். ரேடியோ, "எலும்பப் பாத்தா ரெண்டு பேருக்கும் எண்பதுன்னு வரும். ரெண்டு பேரையும் சேத்து அனுப்பிருவாங்க, கவலைய விடு" என்கிறாள்.

ஆகவே பத்தொன்பதாம் தேதி நீ செய்ய வேண்டியது: வா. மேஜைக்கு எதிரே உட்கார். மூத்தவர் யார் என்று கேட்டால் என்னைக் காட்டு. ஏன் முன்னால் மாற்றிச் சொன்னாய் என்று கேட்டால், அக்காவின் ஓய்வூதியம் போய்விடும் என்ற பயத்தில் சொன்னேன் என்று சொல். அது வெட்கப்படுகிற காரணம் இல்லை. மெமோவுக்கு விளக்கமும் அதுதான். வேறு எதையும் சேர்க்காதே. நெஞ்சை நிமிர்த்தாதே.

நான் என் பங்குக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சேரும்போது தேதியை நான் மாற்றவில்லை, பள்ளியில் எழுதப்பட்டதையே காட்டினேன், எட்டு வயதில் எனக்கு அதைத் திருத்தத் தெரியாது, இருபத்தெட்டு வருடம் வேலை செய்திருக்கிறேன் என்று. தெரிந்த பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று தலைமை எழுத்தரைக் கேட்டேன். "கேக்க மாட்டாங்கன்னு நம்பு" என்றார். கேட்டால் உள்ளதைச் சொல்வேன். எனக்குச் சோறு வேண்டியிருந்தது.

கதவை இனி நான் மூடுவதில்லை. மேட்ரனிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுத்தில் வந்ததால் அவரும் ஏதாவது செய்தாக வேண்டும். இப்போதைக்கு என்னைத் துணி மடிக்கும் மேஜைக்குப் போட்டிருக்கிறார், ரேடியோவுக்கு உதவியாகச் சமையல்கூடத்திலிருந்து ஒரு ஆளைக் கடன் வாங்கியிருக்கிறார். மாதக் கடைசி வரைக்கும்தான் என்று அந்த ஆளைக் கொடுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

உன் மனைவி போன வாரம் எனக்குப் போன் செய்தாள். அவளோடு பேசினால் நான் கத்துவதில்லை. எந்தப் பக்கம் தீர்ப்பானாலும் பின்னறையை எனக்கென்று கட்டுவதாகச் சொன்னாள். "தயவுக்குச் சொல்லல அண்ணி. நீங்க வந்தா, அவரு எதுவும் யோசிக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேக்க வசதியா இருக்கும்" என்றாள். ஓய்வூதியம் கிடைத்தால் ஒரு பதில், கிடைக்காவிட்டால் ஒரு பதில் என்று சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. தீர்ப்பு வரட்டும், அதற்குப் பிறகு சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

முப்பதாம் தேதி மாலை நம்மில் ஒருவர் வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டும். அது யார் என்று இன்னும் எழுத்தில் வரவில்லை. குழுவின் அறிக்கை இருபத்தாறாம் தேதிக்குள் போக வேண்டும். அதன் மேல் ஆணை முப்பதுக்குள் வரலாம். என் ஓய்வூதியம் பற்றிய முடிவு தனி, அது டிசம்பருக்கு முன் வராது என்கிறார் தலைமை எழுத்தர். முப்பதுக்குள் ஆணை வராவிட்டால் நீ பம்ப் ஹவுஸ் சாவியை ஒப்படைக்க வேண்டியதுதான். எனக்கு அக்டோபர் ஒன்றாம் தேதி காலை ஆறு மணி ஷிஃப்ட் என்று பலகையில் பெயர் போட்டிருக்கிறார்கள்.

அக்கா